வாலாம்பாள் சித்தியின் பசி

“எடீ மாளவிகே, நின்றெ உள்ளில் எத்ர பேருண்டு?” என்று ஷாலு ஒருநாள் கேட்டாள். எனக்குள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சில் இடம் போதாமல் பாதி தொங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் பதிலை யோசித்தேன். எங்கள் வீட்டுக் கணக்குப்படி இரண்டு பேர். அந்த வருஷமே நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது ஆள் அம்மாவின் தங்கை வாலாம்பாள். பதினாலு வயதில் டைபாய்டு வந்து, ஸ்ரீவராகத்தில் இதே வீட்டில் செத்துப்போனாள். கஞ்சித் தெளிவு தவிர எதுவும் கொடுக்கக்கூடாது என்று அந்தக் காலத்து டாக்டர் சொல்லியிருந்தார். சித்தி பசியில் அழுதாளாம். பலாப்பழத்தை வெல்லத்தில் கிளறிய சக்கைவரட்டி ஒரே ஒரு கரண்டி கேட்டாளாம். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா கொடுக்கவில்லை. அந்த வாரமே சித்தி போய்விட்டாள்.

ஏழு வயதில் என் பசி கூடத் தொடங்கியபோது அம்மா பயப்படவில்லை. வாலா வந்துவிட்டாள் என்று சொன்னாள். அதற்குப் பிறகு நான் சாப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள். சில நாள் “இன்னும் கொஞ்சம், வாலா” என்பாள். நானும் தட்டை நீட்டுவேன். மத்தியானம் தனியாகப் படுத்திருக்கையில் என் தொண்டையில் வேறு யாரோ விழுங்குவதுபோல இருக்கும். பயமாக இருக்கும். துணையாகவும் இருக்கும்.

பதினாறு வயதில் என் கழுத்துத் தோல் கறுத்துத் தடித்தது. மாதவிடாய் நின்றது. அப்பாவின் பிடிவாதத்தில் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ரெனிக்குச் சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். குண்டான பிள்ளைகளின் நாக்கைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதல் தடவை ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். அதன் முடிவு வந்த அன்றைக்கு மேஜைமேல் சின்னச் சின்னக் குப்பிகளை அடுக்கி வைத்திருந்தார். நாக்கில் ஒரு சொட்டு விடுவார், நான் ருசியைச் சொல்ல வேண்டும், வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

“பேடிக்காத, மக்ளே. தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லு” என்று தைரியம் சொன்னார்.

உப்பு தெரிந்தது. புளிப்பும் தெரிந்தது. அடுத்த மூன்று குப்பிகளும் எனக்கு வெறும் தண்ணீர். நான்காவதில் அடுத்த அறையில் யாரோ எதையோ தின்பதுபோல லேசாக ஒரு தித்திப்பு. ஒத்துப் பார்ப்பதற்காக டாக்டர், ஒன்றைவிட ஒன்று தித்திப்புக் கூடிய அந்த நாலையும் வரிசையாக அம்மாவின் நாக்கிலும் விட்டார். முதல் குப்பியிலேயே அம்மா “சர்க்கரை” என்றாள்.

உடம்பில் கொழுப்பு கூடினால், போதும் என்று மூளைக்குச் சொல்ல ஒரு ஹார்மோன் உண்டு என்றார் டாக்டர். என் ரத்தத்தில் அது நிறையவே இருக்கிறதாம், மூளைதான் கேட்கவில்லையாம். நாக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறார்களாம். சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் இருபது வயதுக்குள் சர்க்கரை வியாதி வந்துவிடும் என்று அம்மாவிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நான் வேறொன்றைக் கவனித்தேன். அவர் சொன்னதிலெல்லாம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அது நான்.

திரும்பும் வழியில் அம்மா பஸ்ஸை விட்டுப் பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தாள். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

“இருக்கறவாளுக்குத்தான் ருசி தெரியும், மாளு. போனவாளுக்குப் பசி மட்டுந்தான். உனக்கு ருசி தெரியலேன்னு இப்போ டாக்டரே சொல்லிட்டா” என்றாள். இத்தனை வருஷத்தில் அம்மாவின் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாதம் வடித்துப் பரிமாறினாள். மூன்றாம் தடவை கரண்டியோடு வந்தபோது தட்டின்மேல் கையை விரித்து மூடினேன்.

“போறும்மா.”

அவள் என் கையை மெதுவாக விலக்கினாள். “நீ சும்மா இரு. நான் உனக்கா போடறேன்?”

எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அந்த நேரத்திலும் வயிறு பசித்தது என்பதுதான் கொடுமை.

“சித்தி இங்கே இல்லேம்மா. பசிக்கறது எனக்குத்தான். ருசி தெரியாததும் எனக்குத்தான். எனக்குத்தான் வியாதி வரப்போறது.”

“ஒரு கரண்டிதான் கேட்டா” என்றாள் அம்மா.

“உன்கிட்ட கேட்டா. என்கிட்ட அவ எதுவுமே கேட்டதில்லே. நீ வாலான்னு கூப்பிட்டப்போ தட்டை நீட்டினதெல்லாம் நான்.”

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். அவள் தேடி முடித்த இடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தொண்டையில் விழுங்குகிறவள் யாரும் இல்லை. அப்படி ஒரு தனிமையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

அம்மா கரண்டியைத் தரையில் வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். வெளியே கால் வைத்த பிறகும், பின்னால் வருகிற ஒருத்திக்காக நிற்பதுபோலக் கதவைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அதைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கொல்லைக்குள் இறங்கிப் போனாள்.