ஐயாவுக்குத் தெரியாது

சட்டசபை உறுப்பினர் ஒருவரின் செயலாளர் ஒரு நாளைக்கு எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாராவது கேட்டால் அவள் சிரிப்பாள். பொய்யெல்லாம் சொல்வதில்லை, ஒரே ஒரு வாக்கியம்தான் என்பாள். "ஐயாவுக்குத் தெரியாதுங்க." பத்திரிகைக்காரர் போனில் குடைந்தாலும் அதுதான், கட்சிக்காரர் நேரில் வந்து முறைத்தாலும் அதுதான். விஷயம் என்னவென்று காதில் விழுவதற்கு முன்பே வாய் தானாகச் சொல்லிவிடும். எந்தப் பழியானாலும் உறுப்பினரின் மேசைவரைக்கும் போகவிடாமல் தன் மேசையிலேயே நிறுத்திக்கொள்வதுதான் அவள் பார்த்த உத்தியோகம். அந்தக் கட்டடத்தில் இருந்த மற்ற செயலாளர்கள் அவளுக்குப் 'பூட்டு' என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அறை ஒன்றும் பெரியதில்லை. இரண்டு மேசை, வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி. பயந்து பயந்து காகிதங்களைக் கொண்டுவருகிறவர்களுக்கு அந்த அலமாரியைக் காட்டிச் சொல்வாள்: "இதுக்குள்ள போயிட்டா இது ஐயாவோட சபைத் தாளுங்க. போலீஸே வந்தாலும் தொட முடியாது. சபாநாயகர் சொன்னாத்தான் உண்டு. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

சட்டமும் அப்படித்தான் இருந்தது. சபையில் கேள்வி எழுப்புவதற்காக ஓர் உறுப்பினரிடம் வந்து சேர்கிற தாளுக்குச் சபையின் சிறப்புரிமை உண்டு. கொடுத்தது யார் என்று எந்த அதிகாரியும் தோண்டக் கூடாது. அவள் பேச்சை நம்பி எத்தனையோ பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிறைக் காவலர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, பாலம் கட்டுகிற இடத்து மேஸ்திரி ஒருவர். யாருக்கும் ஒரு சின்னக் கீறல்கூட விழவில்லை.

ஒருநாள் காலை அந்தப் பெஞ்சில் அவளுடைய சொந்தத் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் அரசாங்க மருந்துச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அம்மா போன பிறகு அவளைத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது, படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் பெரியவள்தான். தனக்கென்று ஒரு குடும்பத்தை அவள் தேடிக்கொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எரிந்து விழுவாள். வேலை நேரத்தில் தங்கையைக் கண்டதும் தங்கையின் குழந்தைக்கு என்னமோ ஏதோ என்று எழுந்து ஓடிவந்தாள்.

"என்னடி, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"பாப்பா நல்லாத்தான் இருக்கா. ஐயாவப் பாக்கணும்க்கா."

"என்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கறேன்."

"இல்ல. அவர்கிட்டயே சொல்லணும். வரிசை வரட்டும், காத்திருக்கேன்."

வரிசை வந்தது. சின்னவள் கொண்டுவந்தவை சோதனை முடிவுகளின் நகல்கள். குழந்தைகளுக்கு ஏற்றுகிற ஒரு மருந்து சோதனையில் தேறவில்லை. தேறியதாக மேலிடத்தில் திருத்தி எழுதி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த எண் எப்படி மாற்றப்பட்டது என்று ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பேனாவால் விளக்கம் எழுதியிருந்தாள். உறுப்பினர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வயதானவர், சுலபத்தில் சூடாகிறவர் இல்லை. "கேட்டுடலாம்மா," என்று மட்டும் சொன்னார். தாள்கள் அலமாரிக்குள் போயின.

சபையில் அவர் கேட்டார். அமைச்சர் எழுந்து, கடைந்தெடுத்த பொய் என்று கத்தினார். ஆனால் கொஞ்ச நாளிலேயே அந்த மருந்து ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலிருந்தும் சத்தமில்லாமல் வண்டியேறித் திரும்பிப் போனது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மருந்து எப்படிக் கெட்டது என்று கேட்க ஆளில்லை, தாள் எப்படி வெளியே போனது என்று கேட்க ஒரு போலீஸ் படையே கிளம்பியது.

அன்றிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிறைக் காவலரின் தாள் அந்த அலமாரியில் இருந்தபோது அவள் குறட்டை விட்டுத் தூங்கியவள். மேஸ்திரியின் தாளுக்காக ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. இப்போது அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் கதவு தகரமாகத் தெரிந்தது. அந்த ஓரத்து எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடும் எழுத்து, அவள் கைபிடித்து எழுதப் பழக்கிய எழுத்து. சோதனைக் கூடத்தில் யார் பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். ஒரு சாயங்காலம் உறுப்பினர் கிளம்பிப் போனதும் அலமாரியைத் திறந்தாள். தங்கையின் தாள்களை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்வைகளுக்கு அடியில் செருகினாள்.

அடிப்பாவி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஊராருக்கெல்லாம் அந்த அலமாரியைக் காட்டித் தைரியம் சொன்னவள், தன் வீட்டுப் பிள்ளை என்று வந்ததும் அதை நம்பவில்லை. பாசம் வந்து கண்ணை மறைத்தால் படித்த சட்டமெல்லாம் எங்கே போகுமோ தெரியவில்லை. ஒளித்து வைக்கத் தேர்ந்தெடுத்த இடத்தையாவது பாருங்கள். போர்வைக்கு அடியில்! திருடனும் போலீசும் முதலில் கைவைக்கிற இடம்.

மறுநாளே அலுவலகத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். உறுப்பினர் நாற்காலியை இழுத்து அலமாரிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சபாநாயகர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அவர் தொறக்கச் சொன்னா நானே சாவி தர்றேன். அதுவரைக்கும் என்னைத் தூக்கிட்டுத்தான் அலமாரியத் தொறக்கணும். இடுப்பு வலி இருக்கு, பாத்துத் தூக்குங்க," என்றார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவில் அரக்கு முத்திரை வைத்தார். இனிமேல் சபையின் உரிமைக் குழு பார்த்து முடிவு சொல்லும்வரை யாரும் திறக்க முடியாது.

அவர்கள் போன பிறகு உறுப்பினர் திரும்பினார். "பாத்தியாம்மா? உன் பூட்டுக்கு மேல சர்க்காரே இன்னொரு பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்கு."

அவளால் சிரிக்க முடியவில்லை. தாள்களைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கலாமென்றால் முத்திரை விழுந்துவிட்டது. அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். இத்தனை வருஷம் அவர் கேட்காமலே அவளை நம்பியவர். மென்று முழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் விடிந்ததும் அதே அதிகாரி அவள் வீட்டு வாசலில் நின்றார். அலமாரியைத் தொட முடியாததால் அவள் வீட்டைச் சோதிக்க ஆணை வாங்கி வந்திருந்தார். போர்வைகள் கீழே விழுந்தன, தாள்கள் மேலே வந்தன. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது, மரியாதையாகத்தான் கேட்டார்.

"இது உறுப்பினரோட தாளா மேடம்? அவர் உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கச் சொன்னாரா?"

கேள்வியில் 'உறுப்பினர்' என்ற வார்த்தை விழுந்ததுதான் தாமதம். அவள் வாய் தன் வேலையைச் செய்தது.

"ஐயாவுக்குத் தெரியாதுங்க. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"ஐயாவுக்கு எதுவுமே தெரியாதுங்க."

எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். அவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு லேசாகக்கூட ஆனது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்துப் பிறகு அவள் அழுதிருக்கிறாள்.

சோதனைக் கூடத்து மேலதிகாரி ஓரத்து எழுத்தைப் பார்த்தவுடனே ஆளைச் சொல்லிவிட்டார். சின்னவளின் வேலை போனது. அரசு ரகசியத்தை வெளியே கொடுத்த குற்றத்துக்கு வழக்கு வந்தது. இரண்டு இரவு லாக்கப்பில் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள்.

உறுப்பினர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா அப்படிச் சொன்ன? 'ஐயாவையே கேளுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. என் செயலாளர் வீட்ல இருந்தாலும் என் தாள்தான்னு நான் அடிச்சுப் பேசியிருப்பேனே."

"உங்க பேர் கெட்டுடக் கூடாதுன்னுதாங்க..."

"என் பேரு! அத வெச்சு என்னம்மா பண்ணப் போறேன் நான்?"

உரிமைக் குழுவின் முன்னால் அவர் அடித்துத்தான் பேசினார். தள்ளாத வயதில் எழுந்து நின்று, அது என் தாள், எங்கே இருந்தாலும் என் தாள் என்றார். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செயலாளர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை வாசித்தார். உறுப்பினருக்கே தெரியாமல் வெளியே போன தாளை உறுப்பினர் வைத்திருந்த தாள் என்று எப்படிக் கொள்வது என்று கேட்டார். அலமாரியில் இருப்பவை அத்தனையும் சபைத் தாள்கள், ஒன்றையும் தொடக் கூடாது என்று குழு முடிவு சொன்னது. வீட்டில் எடுத்தவை கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னது. முத்திரை உடைந்து அலமாரி திறந்தபோது சிறைக் காவலரின் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. மேஸ்திரியின் தாளும் இருந்தது.

வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் பெரியவள் தங்கை வீட்டுக்குப் போனாள். அரசுத் தரப்பின் முதல் சாட்சியே அவள்தான், சம்மன் வந்திருந்தது. தங்கையின் கணவன் கதவைத் திறந்தான். வாங்க என்று சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். சின்னவள் சமையலறையில் டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை, உப்பு, பாப்பாவுக்கு இருமல் வந்தால் கொடுக்கிற மருந்து. தான் இல்லாதபோது கணவன் தேடி அலையக் கூடாதே என்றுதான்.

"பாப்பாவ நான் பாத்துக்கறேன்டி. என் வீட்ல வெச்சுக்கறேன்."

"அவரே பாத்துக்குவாராம்."

பிறகு சின்னவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஏன்க்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போன?"

"பயமா இருந்துச்சுடி. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

"அங்க மத்தவங்க தாளும் இருந்துச்சே. அதையும் எடுத்தியா?"

"இல்ல."

"அவங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்லடி."

"என்னையும் அவங்கள மாதிரியே விட்டிருக்கலாம்க்கா," என்றாள் சின்னவள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவள் காலிலாவது விழுந்திருப்பாள். "நான் வீட்டுக்கு வந்து உன்கிட்ட குடுக்கல. உன் ஆபீஸுக்கு வந்து அவர்கிட்ட குடுத்தேன். அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பெரியவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சின்னவள் தடுக்கவில்லை, ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குக் கேட்டா உண்மையச் சொல்லிடு. எனக்காகப் பொய் சொல்லி நீயும் உள்ள வந்துடாத. பாப்பாவப் பாக்க உன்னை விடுவாரோ மாட்டாரோ, ஆனா நீ வெளியவாவது இரு."

மறுநாள் கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. கடைசி வரிசையில் உறுப்பினர் தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். சின்னவள் துவைத்து மடிப்புக் கலையாத வெளிர்நீல உடையில் கூண்டில் நின்றாள், வேலைக்குக் கிளம்புகிறவள்போல. பெரியவள் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் தாள்களைக் கையில் கொடுத்தார். அடையாளம் தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றாள்.

"இதை அந்த அலுவலகத்துல கொண்டுவந்து குடுத்தது யாரு?"

எத்தனை பேர் எத்தனை விதமாக மடக்கியும் அவள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னதில்லை. பழகிய வாக்கியம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் இப்போது யாரும் ஐயாவைப் பற்றிக் கேட்கவில்லை. கூண்டிலிருந்து சின்னவள் அவளைப் பார்த்து, சொல்லு என்பதுபோல மெல்லத் தலையாட்டினாள்.

"என் தங்கச்சி," என்றாள்.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் விரல்களை நிறுத்திவிட்டு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். காதில் விழவில்லையாம்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

அவள் சத்தமாகச் சொன்னாள்.