முதல் இருமல் வரைக்கும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டில் இங்கிலாந்தின் இசையமைப்பாளர்களுக்கு ஆயுள் கெட்டியாக இல்லை. பிப்ரவரியில் ஒருவர், மே மாதத்தில் ஒருவர், ஜூனில் ஒருவர் என்று நாட்டின் பெரிய தலைகள் மூன்று வரிசையாகச் சாய்ந்தன. லெடன்செஸ்டர் பேராலயத்தில் உதவி ஆர்கன் வாசிப்பாளராக இருந்த ஆம்ப்ரோஸ் டிட்மார்ஷ் ஒவ்வொரு சாவுச் செய்தியையும் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைத்துக்கொண்டார். மூன்றாவதைக் கத்தரித்த அன்று மனைவி டல்சியிடம், "வரிசை வேகமா நகருது. அடுத்தது யாரோ" என்றார். டல்சி கத்தரிக்கோலைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். போர்முனையில் குடித்த விஷவாயு பதினேழு வருஷமாக அவர் நுரையீரலைத் தவணை முறையில் தின்றுகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று ஈஸ்டர் சமயத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு டல்சியிடம் மட்டும்தான் சொன்னார். ஆனாலும் அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு மிஸஸ் கட்லிப்பின் சுவர் அவ்வளவு மெல்லியது. காது அதைவிட மெல்லியது.

டல்சியைப் பற்றித் தெருவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அவள் பர்மிங்ஹாமில் மேடையேறிப் பாடியவள். பேராலயத்துப் பாட்டு இல்லை. பீர் நெடி அடிக்கும் கொட்டகையில், இறகுத் தொப்பி வைத்துக்கொண்டு, கணுக்கால் தெரியப் பாடிய பாட்டு. பேசும் படம் வந்து அந்தக் கொட்டகையை விழுங்கிய வருஷம், கிறிஸ்துமஸ் பரிசு வாங்கப் போன ஆம்ப்ரோஸ் அவளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பது மிஸஸ் கட்லிப்பின் வசனம். இப்போது வானொலியில் நடன வாத்தியம் வரும் நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கூடப் பாடுவாள். ஆம்ப்ரோஸ் தடுக்க மாட்டார். மேஜையில் குனிந்து தன் இசைத் தாளில் சுரப் புள்ளி வைத்தபடியே, "மூணாவது வரியில சுருதி இறங்குது" என்பார். "உன் புள்ளியைப் பாருய்யா வாத்தியாரே" என்பாள் அவள்.

அந்தப் புள்ளிகளைத்தான் அவர் பதினாறு வருஷமாக வைத்துக்கொண்டிருந்தார். நரம்பு வாத்தியங்களுக்கு மட்டுமான ஒரே ஒரு இசைக்கோவை, பதினோரு நிமிஷம். வருஷத்துக்கு ஒரு நிமிஷம்கூடத் தேறவில்லை என்று தெருவில் சிரித்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரும் பேராலயத்தில் நடக்கும் இசை விழாவுக்கு அதை அனுப்புவார். ஒவ்வொரு ஜனவரியும் அது மரியாதையான கடிதத்தோடு திரும்பி வரும். அந்த வருஷம் திரும்பி வரவில்லை. புதிதாக ஒன்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த லண்டன்காரர் கைவிரித்துவிட்டதால், வியாழக்கிழமை பிற்பகல் நிகழ்ச்சியில் சரியாகப் பன்னிரண்டு நிமிஷம் ஓட்டை விழுந்திருந்தது.

அந்த ஓட்டையை அடைக்க அவருடைய இசைக்கோவை தேர்வான சேதி வந்த அன்று ஆம்ப்ரோஸுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைவரை நடந்து போய், திரும்பி வர மூச்சில்லாமல் ரொட்டிக்காரரின் வண்டியில் வந்து இறங்கினார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். விழாவுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். சக்கர நாற்காலி தருகிறேன் என்று டாக்டர் சொன்னார். இரண்டு பையன்களை அனுப்பித் தூக்கி வரச் செய்கிறேன் என்று ஆர்கன் வாசிக்கும் பெரியவர் சொன்னார். ஆம்ப்ரோஸ் அசையவில்லை. டல்சி கோபித்து, கெஞ்சி, கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோதுதான் காரணத்தைச் சொன்னார்.

"நான் வந்தா இருமுவேன், டல்ஸ்."

லெடன்செஸ்டர்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பேராலயத்தில் கைதட்டக் கூடாது. கடவுளின் வீடு என்பதால், எவ்வளவு பெரிய மேதை வாசித்தாலும் சரி, முடிந்ததும் ஆயிரம் பேரும் மடியில் கைவைத்துச் சும்மா இருப்பார்கள். பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரிவது? அதற்கும் ஊர் ஒரு வழி வைத்திருந்தது. கடைசி ஒலி அடங்கியதிலிருந்து யாராவது முதல் இருமல் இருமும்வரை மனத்துக்குள் எண்ணுவார்கள். மூன்று என்றால் மரியாதை. ஆறு என்றால் பிடித்திருக்கிறது. ஒன்பது வந்தது என்று சொல்லிக்கொள்ளும் நடத்துநர்கள் லண்டனிலேயே இரண்டு பேர்தான். பத்துக்கு மேல் போனது பிப்ரவரி மாத இரங்கல் ஆராதனையில் மட்டும். அதுகூடச் செத்தவருக்காக என்று சிலர் கழித்துவிட்டார்கள். இந்தக் கணக்கு எங்கும் எழுதப்பட்டதில்லை. பேராயரின் மனைவிகூட எண்ணுவார் என்று கேள்வி.

"என் பாட்டுக்கு நானே முதல் இருமல் இருமிட்டா, என்ன எண்ணிக்கை வந்திருக்கும்னு சாகுறவரை தெரியாம போயிடும்" என்றார் ஆம்ப்ரோஸ். "நீ போ. போய் எண்ணிட்டு வா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

டல்சிக்கு அது புரியவும் செய்தது, புரியவும் இல்லை. அவள் தொழிலில் அமைதி என்றால் சாவு. பர்மிங்ஹாமில் ஒருமுறை பாட்டு முடிந்ததும் கூட்டம் சும்மா இருந்தது. மானேஜர் மறுநாளே அவள் பெட்டியைத் தெருவில் வைத்தார். கிளாஸ்கோவில் முட்டைக்கோஸால் அடித்தார்கள். அது எவ்வளவோ தேவலை. காதில் விழுந்திருக்கிறது என்றாவது தெரிந்தது. ஆனால் புருஷன் கேட்பது இது ஒன்றுதான். எண்ணிவிட்டு வருவதாகச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை மிஸஸ் கட்லிப் கருஞ்சிவப்புத் தொப்பியோடு டல்சியின் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தார். துணைக்காம். டல்சி கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள். விரல்விட்டு எண்ணுவதற்கு வெறுங்கைதான் தோது என்று அவள் நினைத்தாள். மிஸஸ் கட்லிப் அதைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தார். பேராலயத்துக்குள் கையுறை கழற்றுகிறவள் வேறென்ன செய்ய மாட்டாள் என்று பின்னால் எல்லோரிடமும் சொல்ல அது உதவியது.

இசை தொடங்கியது. வீட்டில் துண்டுதுண்டாகக் கேட்டது அவளுக்கு நன்றாகத் தெரியும். பியானோவில் அவர் தட்டித்தட்டி நிறுத்திய இடங்கள் எல்லாம் தெரியும். ஆனால் நாற்பது வில்கள் ஒன்றாக இழுத்தபோது அந்தத் துண்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அழகு என்று சொல்லிவிட முடியாது. குளிர்காலத்தில் ஆற்றின் மேல் மூடுபனி ஏறுவதுபோல, எங்கே தொடங்கியது என்று காட்டாமல் அது ஏறியது. நடுவில் ஓரிடத்தில் வயலின்கள் மூச்சுக்குத் திணறின. அந்த இடத்தை எங்கிருந்து எடுத்தார் என்பது ஆயிரம் பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ராத்திரிகளில் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அவள்தானே.

முடிவில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வில்லை இறக்கினார்கள். கடைசியில் ஒரே ஒரு வயலின் மிஞ்சியது. அந்த ஆளின் வில் நகர்வது தெரிந்தது. சத்தம் கேட்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு வில்லும் நின்றது.

டல்சி கட்டைவிரலை மடக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. யாரும் இருமவில்லை. நான்கு. தூணருகில் நின்ற பேராலய ஊழியர் தன் கைத்தடியை ஊன்றாமல் அந்தரத்தில் பிடித்திருந்தார். ஐந்து என்று நினைத்தபோது அவளுக்கு எண்ணிக்கை நழுவியது. இந்த அமைதி இங்கே உள்ள அத்தனை பேருக்கும் கிடைத்துவிட்டது; இதைச் செய்தவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவர் வீட்டில் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் யாருமே ஒன்றும் சொல்லவில்லை.

கை தானாக எழுந்தது. அவள் தட்டினாள்.

மூன்று தட்டு. அவ்வளவுதான். அந்தக் கல் கூரையில் மோதி அது முப்பதாகத் திரும்பி வந்தது. ஆயிரம் தலைகள் திரும்பின. மிஸஸ் கட்லிப் தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டார், கூரை விழப்போவதுபோல. பிறகுதான் இருமல் வந்தது. ஒன்றல்ல; வெட்கத்தை மறைக்க எல்லோரும் சேர்ந்து இருமினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மிஸஸ் கட்லிப் கூடவே வந்தார். திட்டித் தீர்த்த பிறகு அவருக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"பன்னிரண்டுன்னு சொல்லிடுங்க. மனுஷன் நிம்மதியாப் போகட்டும். யாரு வந்து சரிபார்க்கப் போறா?"

டல்சி வாசற்படிவரை அதை யோசித்துக்கொண்டே போனாள். பொய் அவளுக்குப் புதிதல்ல. கொட்டகை மானேஜர்கள் எல்லோரிடமும் கூரை பிய்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிக்கொண்டு அடுத்த ஊருக்கு ரயிலேறியவர்களில் அவளும் ஒருத்தி. பன்னிரண்டு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மேலே போய்க் கதவைத் திறந்தபோது, ஆம்ப்ரோஸ் சுத்தமாகச் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். படுக்கையில், அந்த மூச்சோடு, தன்னந்தனியாக அதைச் செய்திருந்தார்.

"எத்தனை?" என்றார்.

"எண்ணல" என்றாள் டல்சி. "அஞ்சுல விட்டுட்டேன். கை தட்டிட்டேன்."

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டியை அவிழ்த்து, நான்காக மடித்து, சிறு மேஜையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் பேச்சில்லை. சூப் கொடுத்தால் குடித்தார். தலையணையைச் சரி செய்தால் சாய்ந்தார். அவளை வையவுமில்லை. ஊரோ அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியது. ஏழில் தட்டினாள் என்றார் கசாப்புக்கடைக்காரர். நான்கில் என்றது பாடகர் குழு. மிஸஸ் கட்லிப்பின் எண்ணிக்கை வெள்ளிக்கிழமை பத்தாக இருந்து ஞாயிறு ஆராதனைக்குள் பதினெட்டாக வளர்ந்தது. குற்றம் பெரிதாக வேண்டுமானால் அமைதியும் பெரிதாக வேண்டுமே. வயலின் எப்போது நின்றது என்பதிலேயே ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதபோது எந்த எண்ணிக்கையை நம்புவது? அதோடு, இருமலில் முடியாத எண்ணிக்கை கணக்கில் சேராது என்பது ஊர் விதி. டல்சி இதையெல்லாம் கடையில் கேட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு வந்தாள். வானொலியைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அதுவும் கவனிக்கப்பட்டது.

திங்கட்கிழமை காலைத் தபாலில் பேராலய முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. பேராலயத் தலைமைக் குருவிடமிருந்து. மனைவியைக் கண்டிப்பதானாலும் புருஷனுக்கு எழுதுகிற பழைய காலத்து மனிதர் அவர். டல்சி உறையைப் படுக்கைமேல் வைத்தாள்.

ஆம்ப்ரோஸ் முத்திரையைப் பார்த்தார். "நீயே படி. நீ பண்ணினதுதானே" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

அவள் ஜன்னலருகே நின்று படித்தாள். முதல் பத்தியில் உடல்நிலை விசாரிப்பு. இரண்டாவதில் கடவுளின் வீட்டுக்கும் கேளிக்கைக் கொட்டகைக்கும் உள்ள வேறுபாடு; அது கொஞ்சம் நீளம். மூன்றாவது பத்தியை அவள் குரலை ஏற்றாமல், இறக்காமல் படித்தாள்.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் இங்கே பணியாற்றுகிறேன். உங்கள் இசை முடிந்தபின் உண்டானதுபோன்ற ஓர் அமைதியை இந்தப் பேராலயத்துக்குள் நான் ஒருபோதும் அறிந்ததில்லை. நம் பிரார்த்தனைகளின்போதுகூட இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது கலைக்கப்பட்டதை மன்னிக்க நான் முயன்று வருகிறேன். இன்னும் என்னால் முடியவில்லை."

ஆம்ப்ரோஸுக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அடங்கியபின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை படி" என்றார்.

படித்தாள்.

"மனுஷனுக்கு எவ்வளவு கோபம் பாரு" என்றார் ஆம்ப்ரோஸ் மெதுவாக. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை டல்சி அதற்கு முன்னால் ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தாள். அவர்கள் கல்யாணத்தன்று.

"எத்தனைன்னு அவர்கிட்ட கேட்டு எழுதட்டுமா?" என்றாள். "மேடைக்கு எதிர்லதானே உட்கார்ந்திருந்தார். தெரிஞ்சிருக்கும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், விரல்கள் போர்வையின் மேல் தாளம் போட்டன.

"வேண்டாம். ஒரு எண் சொல்லிடுவார். அப்புறம் அது அவ்வளவுதான்." பிறகு, "ஆனா மன்னிப்புக் கேட்டு எழுது. வருந்துகிறேன்னு எழுது."

"எனக்கு வருத்தமே இல்லையே, வாத்தியாரே."

"தெரியும். இருந்தாலும் எழுது. பாவம், அவருக்கு அது வேணும்."

புருஷனிடம் ஒரு பொய் சொல்ல வராதவள், மேஜையில் உட்கார்ந்து தலைமைக் குருவுக்கு ஒன்றரைப் பக்கம் பொய் எழுதினாள். வார்த்தைகளை ஆம்ப்ரோஸ் படுக்கையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்; இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையும் திருத்தினார். எழுதி முடித்துத் தொப்பியை வைத்துக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்கு அவள் போனதை மிஸஸ் கட்லிப் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தார். டல்சியின் கன்னங்கள் நனைந்திருந்ததும், துடைக்காமலேயே நடந்ததும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவமானம் தாங்காமல் நடுத்தெருவில் அழுதுகொண்டு போனாள் என்று அன்று மதியத்துக்குள் எட்டு வீடுகளில் சொல்லிவிட்டார். டல்சி அதை ஒருபோதும் மறுக்கவில்லை.