பூசணிக்கு நேரான வேலி

கொழுந்தன் தமிழரசு வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் வசந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிணற்றுத் தண்ணீர் முறையில் தொடங்கிய சண்டை வருஷக்கணக்காக நடக்கிறது. பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனாலும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பார்கள். பேசியே ஆகவேண்டுமென்றால் நடுவில் யாரையாவது நிறுத்தி, "அவிங்ககிட்டச் சொல்லீருங்க" என்பார்கள். ஆள் கிடைக்காத நாளில் கட்டுத்தறி எருமையிடம்கூடச் சொன்னதுண்டு. அந்த எருமைக்குத்தான் குடும்ப விவகாரம் முழுதும் தெரியும்.

அவள் கணவர் சின்னுசாமி, கண் கலங்கியது தெரியாமலிருக்கத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு இலை போடச் சொன்னார்.

சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தமிழரசு விஷயத்துக்கு வந்தார். "ஏனுங்கண்ணா, நம்ம ரெண்டு காட்டுக்கும் நடுவால இருக்கற கிளுவை வேலிய எடுத்துப்போட்டுக் கம்பி வேலி போட்டறலாமுங்களா? கோழிப்பண்ணைக்கு வார தீவன லாரி திரும்பறதுக்கு எடம் பத்தறதில்லைங்க."

"அதுக்கென்ன சாமி, எடுத்துப்போடு" என்றார் சின்னுசாமி. வேலி என்ன, வீட்டுக் கூரையைக் கேட்டிருந்தாலும் அன்றைக்குக் கொடுத்திருப்பார்.

வசந்தாமணிக்குத் தன் பூசணிக்கொடி நினைவு வந்தது. கிளுவை மரம் அடர்ந்து தழைத்த அந்த உயிர்வேலிக்கு இந்தப் பக்கம் அவள் பூசணி போட்டிருந்தாள். போன வருஷம் ரோட்டுக்கு அப்பால் வேலியே இல்லாத துண்டு நிலத்தில் போட்டு, பிஞ்சு பிஞ்சாக மஞ்சளடித்து உதிர்ந்தது. நோய் என்று மருந்தடித்தார்கள். வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு தேனீயும் அதோடு போயிற்று. பூவில் தேனீ வந்து உட்காராததால்தான் பிஞ்சு நிற்கவில்லை என்று காரணத்தைச் சொன்னவள், நாமக்கல் கல்லூரியிலிருந்து பூச்சி ஆராய்ச்சிக்காக வலையும் கையுமாக வருகிற யாழினிதான். ஊரில் அவளுக்குப் பூச்சிக்காரப் புள்ளை என்று பேர். வடக்கே கரட்டுக் குன்று, தெற்கே ஏரி, நடுவில் முழுக்கக் கோழிக் கொட்டகையும் வீட்டுமனைக் கல்லும். "கரட்டுல இருந்து ஏரிக்குப் போறதுக்குத் தேனீ, பட்டாம்பூச்சிக்கெல்லாம் இந்த வேலி ஒண்ணுதானுங்கக்கா தடம்" என்றாள். வசந்தாமணி சிரித்தாள். ஆனால் இந்த வருஷம் வேலியோரத்துக் கொடியில் பிஞ்சு நின்றது. அவள் கண்ணால் பார்த்தது அது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். சேர்ந்த அண்ணன் தம்பியைப் பிரித்தவள் என்ற பேர் சாகிறவரைக்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் யோசித்து, நோகாமல் கேட்கிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தாள். முழு வேலியைக் கேட்டால்தானே வம்பு? வந்த விருந்தாளியிடம் கொஞ்சமாகத்தான் கேட்கவேண்டும்.

"ஏனுங்க தம்பி, என்ர பூசணிக்கு நேரா இருக்கறத மட்டும் உட்டுருங்களே" என்றாள், மறுபடி வந்தவருக்கு மோர் டம்ளரை நீட்டியபடி.

"அட, இதுக்குப் போயி இம்புட்டுத் தயங்குவீங்களாங்க அண்ணி?" தமிழரசு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஜேசிபி வந்த அன்றைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் காட்டில் நின்றார்கள். அவள் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மதியம் தமிழரசு வேர்க்க விறுவிறுக்க வந்து, "வாங்க அண்ணி, வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

சொன்ன சொல் தவறவில்லை. பூசணிக்கு நேராக இருந்த வேலியில் ஒரு குச்சிகூட முறியவில்லை. ஜேசிபிக்காரனைத் திட்டித் திட்டிக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் வடக்கே கரடு வரைக்கும், தெற்கே ஏரிக்கரை வரைக்கும் செம்மண் புரண்டு கிடந்தது. நடுவில் அந்தத் துண்டு மட்டும் பச்சையாக நின்றது.

"இப்பத் திருப்திதானுங்க?"

கேட்டது கொஞ்சம், அவர் கொடுத்ததும் சரியாக அந்தக் கொஞ்சம்தான். யாரைக் குறை சொல்வது? "திருப்திங்க தம்பி" என்றாள்.

அவர் அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இருவரும் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள். வசந்தாமணி அங்கேயே நின்றாள். கிளுவைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி தாழப் பறந்து வேலியோடே வடக்கே போயிற்று. இலை முடிந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஆடியது. திரும்பி, வந்த வழியே தெற்கு முனை வரைக்கும் போயிற்று. அங்கிருந்தும் திரும்பியது.