முதல் கிடங்கு

வலது காலுறை ஏறிவிட்டது. இடது கால் வளைந்து கொடுக்கவில்லை. அன்ரோனெற் செத்துப்போன அண்ணனின் குதிகாலைத் தன் மடியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தபோது, கோயில் மூப்பர் சந்தியோகு அறை வாசலில் வந்து நின்று செருமினார்.

"பிள்ளை, அண்ணரைப் போடுற கிடங்கு எவடத்தில வெட்டுறதெண்டு பஸ்ரியன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். பின்னேரம் எடுக்கிறதெண்டால் இப்பவே தொடங்கவேணும்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. இதை மாட்டிப்போட்டு வாறன்."

காலுறை ஒரு சாட்டுத்தான். எந்த இடம் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அண்ணன் அமிர்தநாயகம் பேராசிரியர். இரண்டு நாட்டு எல்லையில் ஒட்டிக் கிடக்கும் நகரங்கள் ஒரே தண்ணீரையும் ஒரே குப்பைமேட்டையும் சண்டையில்லாமல் எப்படி ஆளலாம் என்று வெளிநாட்டில் ஆயுள் முழுக்கப் படிப்பித்தவர். ஓய்வுபெற்றுப் பள்ளிமுனைக்கு வந்த பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கோயிலடிச் சேமக்காலையில் கல்லறைகள் நிறைந்துவிட்டன, மாரி மழைக்கு அங்கிருந்து ஊறும் தண்ணீர் பக்கத்துக் கிணறுகளில் இறங்குகிறது, இனி அங்கே அடக்கம் கூடாது என்றார். ஊரும் கேட்டது. தள்ளி ஒரு காணி வாங்கி மதில்கூடக் கட்டியது. ஆனால் ஒருவரையும் அங்கே அடக்கவில்லை. வெறும் காணியில் தங்கள் ஆளைத் தனியே விட்டுவர எந்த வீட்டுக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு செத்த வீட்டிலும், அடுத்த ஆள் போகட்டும் என்றார்கள். இரண்டு அரசாங்கங்களை ஒரு மேசையில் இருத்திய மனிதரால் பள்ளிமுனைப் பிணம் ஒன்றை அரை மைல் தூரம் நகர்த்த முடியவில்லை. அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

சந்தியோகு குரலைத் தாழ்த்தினார். "அவர் சொன்னது சரிதான். எண்டாலும் அவருக்கு ஒருக்கா விடலாம். கோயிலடியில அம்மாவுக்குப் பக்கத்தில இடம் கிடக்குத்தானே. பங்குச் சுவாமியும் ஓமெண்டிட்டார். சனமும் ஒண்டும் சொல்லாது."

சனம் ஒன்றும் சொல்லாதுதான். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது. புதுக் காணியில் கழுதைதான் மேயும்.

"கடைசியா அண்ணர் ஏதும் சொன்னவரோ?"

நேற்று மத்தியானம் கரண்டியால் தண்ணீர் பருக்கியபோது அவர் அவள் கையைப் பிடித்தார். "என்னை அம்மாவுக்குப் பக்கத்தில போடு" என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் ஓமென்று சொல்லாமல் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். சாகிற நேரத்தில் இதைச் சொல்லாமல் போயிருக்கக்கூடாதா என்று கோபம் கோபமாக வந்தது. எத்தனை மண்டபங்களில் நின்று பேசியவர், பயந்த சின்னப் பிள்ளைபோல் கேட்டதை நினைக்க அழுகையும் வந்தது.

"இல்லை" என்றாள் அன்ரோனெற். "ஒண்டும் சொல்லேல்ல. புதுக் காணியில வெட்டச் சொல்லுங்கோ."

வெளியே போகத் திரும்பிய சந்தியோகு மறுபடி வாசலுக்கு வந்தார். "அம்மாவுக்குப் பக்கத்தில கிடக்கிறதும் ஒரே ஒரு இடம்தான். அதை உங்களுக்கெண்டு வச்சிருக்கிறியளாக்கும்."

கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அவள் இடது காலுறையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

புதுக் காணிக்கு அவளே பஸ்ரியனுடன் நடந்து போனாள். மதிலுக்குள் நின்ற கழுதைகளை அவன் துரத்திவிட்டான். வெயில் ஏறியிருந்தது. ஒரு சிலுவைகூட இல்லாத அந்த மண்ணைப் பார்த்ததும் அவள் நடையை நிறுத்தினாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"மதிலோட ஒட்டி வெட்டட்டே அக்கா? காத்துக்கு மண் சரியாது."

"ஒட்டவேண்டாம். இங்கால ஒரு ஆளுக்கு இடம் விட்டு வெட்டுங்கோ."

"ஆருக்கு?"

"எனக்கு."

பஸ்ரியன் அவளைப் பார்த்தான். "அப்ப அம்மாவுக்குப் பக்கத்தில கிடக்கிறது?"

"அது கிடக்கட்டும்."

அவன் அளந்து கோடு கீறிவிட்டு மண்வெட்டியை ஓங்கினான். பக்கத்தில் நிற்கவேண்டாம், மண் தெறிக்கும் என்றான். அவள் நகரவில்லை. மதிலுக்கும் அவனுக்கும் நடுவே விட்ட அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.