இரண்டாம் கூட்டில் கரடி தூங்குகிறது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது ஒரு படச்சட்டம் வாங்கத்தான். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் விற்கும் கடையொன்றில், பழைய பொருட்களுக்கு நடுவில் நல்ல வேலைப்பாடுள்ள ஒரு சட்டம் கிடந்தது. அதற்குள் யாருடையதோ குடும்பப் படமும் இருந்தது. படத்தை எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். பரவாயில்லை, அதுவும் இருக்கட்டும் என்றேன். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு வினையாகிவிட்டது.

படத்தில் ஐந்து பேர் ஒரு இரும்புக் கூட்டின் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டுக்குள் ஒன்றுமே இல்லை. படத்தின் பின்புறம் மையால் எழுதியிருந்தது: ‘கண்டியில் கரடி பார்த்தபோது. 1934 தை.’

பூதக்கண்ணாடி வைத்தும் தேடினேன். கரடி இல்லை. ஆனால் ஐந்து முகத்திலும் கரடி பார்த்த திருப்தி இருந்தது. அந்தத் திருப்திக்கு நியாயமான ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கலாமே என்று உட்கார்ந்தேன்.

(இடையில் ஒரு வார்த்தை. 1930களில் கண்டியில் இப்படியொரு மிருகத் தோட்டம் இருந்ததாக எனக்குத் தெரியாது. இதைக் கட்டியவன் நான்தான். வாவிக்கு மேலே, சரிவான ஓரிடத்தில், பதினொரு கூடுகள். கட்டுகிறவனே சொல்வதால் நம்புங்கள். படச்சட்டம் வாங்கிய கதையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கத்தை மூன்று தரம் எழுதினேன்.

‘பனி மூடிய ஹந்தானை மலையின் மடியில்,’ என்று ஒன்று. வேண்டாம். கண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியில் இறங்கித்தான் உள்ளே வருகிறார்கள். நாமாவது படியில் வருவோம்.

‘அந்த விலங்கின் கண்களில் தெரிந்த’ என்று இன்னொன்று. அதையும் பாதியில் விட்டேன். கண்ணை எழுதினால் முகத்தை எழுத வேண்டும், முகத்தை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும். கரடியைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.

மூன்றாவது இது: ‘கறுப்பையா இரண்டாம் கூட்டின் காவல்காரன்.’ சப்பென்று இருந்தாலும் இதில் பொய் குறைவு. வைத்துக்கொண்டேன்.

கறுப்பையா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஏதோ வாய்த்தகராறில் அங்கே வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். பேர் வெட்டினால் குடியிருந்த லயக் காம்பராவும், அந்த ஒற்றை அறையும், போய்விடும். அவனும் மனைவி பாலாம்பிகையும் ஒரு தகரப் பெட்டியோடு கண்டிக்கு இறங்கி வந்தார்கள். மிருகத் தோட்டத்தில் ஒவ்வொரு கூட்டுக்கும் பின்னால் காவல்காரனுக்கு ஒரு காம்பரா உண்டு. ‘இரண்டாம் கூடு: கரடி, கறுப்பையா’ என்று அலுவலகப் புத்தகத்தில் எழுதினார்கள். கரடியின் பெயர்தான் முதலில். கரடி இருக்கும்வரைதான் கறுப்பையா.

இது அவனாகக் கற்பனை செய்துகொண்ட பயமில்லை. ஐந்தாம் கூட்டில் முதலை செத்த அன்று, அதன் காவல்காரர் செல்லப்பா பொழுது சாய்வதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். பாலாம்பிகைதான் அவருக்குச் சோறு கட்டிக்கொடுத்தாள்.

1933 மார்கழி முதல் ஞாயிறு காலையில் கரடி செத்துக் கிடந்தது. பாலாம்பிகைக்கு அப்போது நான்கு மாதம்.

3

கறுப்பையா பொய்யன் அல்ல. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் முதல் பிரதியில் அவனைப் பொய்யனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. கரடி செத்ததைச் சொல்லத்தான் அவன் துரையின் பங்களாவுக்குப் போனான். வழியிலேயே துரை எதிரே வந்துவிட்டார்.

மிருகத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு எதையாவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மயிலை மானின் கூட்டுக்கும் மானை முள்ளம்பன்றியின் கூட்டுக்கும் மாற்றுவார். பெயர்ப் பலகைகள் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், ‘முள்ளம்பன்றி’ என்ற பலகைக்குப் பின்னால் மயில் தோகை விரித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் மிருகங்கள் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

துரை நேராக இரண்டாம் கூட்டுக்கு வந்து, குகைபோலக் கட்டியிருந்த பின்னறைக்குள் குனிந்து பார்த்தார். இருட்டில் படுத்திருந்தது அசையவில்லை. கறுப்பையா வாயைத் திறந்தான். துரை உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதே. தூங்குகிறது. குளிர் காலம் வந்தால் கரடி தூங்கும். பங்குனியில்தான் எழும்பும். எங்கள் பக்கத்தில் எல்லாக் கரடியும் அப்படித்தான்.”

(துரை பேசிய தமிழை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். கறுப்பையா சிரிக்கவில்லை. ஆகவே திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எங்கள் நாட்டுக் கரடி அப்படித் தூங்குவதில்லை என்று கறுப்பையாவுக்குத் தெரியும். கண்டிக் குளிருக்கு ஒரு கம்பளி போதும் என்றும் தெரியும். ஆனால் துரை சொன்னபோது அவனுக்குச் செல்லப்பாவின் பாய் ஞாபகம் வந்தது.

“ஆமாங்க தொரை,” என்றான். கதை முழுவதற்கும் அவன் சொன்ன பொய் அந்த இரண்டு வார்த்தைதான்.

4

மறுநாள் திங்கட்கிழமை. தோட்டத்துக்கு விடுமுறை. நல்ல மழை. அலவத்துகொடவிலிருந்து மாட்டு வண்டியில் பழம் கொண்டுவரும் மர்சூக் வந்தார். கறுப்பையா அவரிடம் மட்டும் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான். கரடிக்காகவும் அழுதான், காம்பராவுக்காகவும் அழுதான்.

மர்சூக் தாடியைத் தடவிக்கொண்டார்.

“நான் பொய் சொல்றல்ல, கறுப்பையா. அத மொதல்ல தெரிஞ்சிக்க. ஆனா குழி தோண்டுறது பொய்யில்லதானே. மம்மட்டி எங்க ஈக்கி?”

இரண்டு பேரும் வண்டி மாட்டைப் பூட்டிக் கரடியை இழுத்து வந்து, காம்பராவுக்குப் பின்னால் புதைத்தார்கள். பாலாம்பிகை அந்த இடத்தில் ஒரு வாழைக்கன்று நட்டாள்.

“நாளையில இருந்து பழம் வேணாமா, நானா?” என்று கேட்டான் கறுப்பையா. மர்சூக்கை அவன் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான்.

“ஏன் வேணாம்? எனக்கு வந்த ஓடர் இரண்டாம் கூட்டுக்கு. நான் வாசல்ல வெச்சிட்டுப் போறன். உள்ள ஆரு திங்கிறாங்கண்டு நான் எட்டிப் பாக்கப் போறல்ல.”

அன்று முதல் வாழைப்பழமும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் தவறாமல் வந்தன. பாதி மூன்றாம் கூட்டுக் குரங்குகளுக்குப் போனது. குரங்குகள் கொழுத்ததை துரை தன் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியை பாலாம்பிகை சாப்பிட்டாள். வயிற்றுப் பிள்ளை கரடியின் பங்கில் வளர்ந்தது.

5

இங்கே கதை மெதுவாகப் போக வேண்டும், ஆனால் போகவில்லை. துரை பலகை எழுதி மாட்டிவிட்டார். மூன்று பாஷையிலும்: ‘கரடி தூங்குகிறது. அமைதி.’

அதுவரை கரடிக் கூட்டின் முன்னால் நின்றவர்கள் குறைவு. பலகை மாட்டிய பிறகு கெலிஓயாவிலிருந்தும் கம்பளையிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். தூங்காத கரடியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தூங்கும் கரடியைப் பார்ப்பது பெரிய காரியம் அல்லவா. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கூட்டின் முன்னால் நின்றார்கள். துரைகூடச் சப்பாத்தோடு நுனிக்காலில் நடந்தார்.

“பொரண்டு படுத்திச்சி, பாத்தியா?” என்றாள் சகீனா என்ற ஒரு பெண், தன் தங்கையிடம்.

“நான் கால மட்டுந்தான் கண்டன், தாத்தா,” என்றாள் தங்கை, குறையோடு. அவர்கள் வீட்டில் அக்காவைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கறுப்பையா ஓரமாக நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவனுக்கே சந்தேகம் வந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

(என் படத்திலிருக்கும் ஐந்து பேர் வந்தது பலகை மாட்டிய பிறகு, தை மாதத்தில்தான். வேலை முடிந்தது என்று பேனாவை மூடியிருக்கலாம். மூட விடவில்லை ஒருத்தி.)

6

பாலாம்பிகையை நான் சரியாக எழுதவில்லை. முதலில் அவளை அழ வைத்தேன். பிறகு பயப்பட வைத்தேன். பிறகு ‘விளக்கின் மங்கிய ஒளியில் அவள் கணவனை’ என்று தொடங்கி, எனக்கே வெட்கமாகிப் பேனாவை வைத்துவிட்டேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது பேசவிடுவது நல்லது.

“தொரைகிட்ட சொல்லிருங்க,” என்றாள் அவள், மாசியில் ஒரு பகல் நேரம், அரிசி புடைத்துக்கொண்டே.

“சொன்னா இன்னைக்கே எறங்கணும். ஒனக்கு ஏழு மாசம். எங்க போறது?”

“தெரியலங்க. ஆனா ஒண்ணு. கரடி செத்ததுக்கு நாம பொறுப்பில்ல. அது இன்னும் உசிரோட இருக்கறதுக்கு நாமதான் பொறுப்பு.”

அந்த வசனத்தை நான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

அன்று மாலையே அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குக் கிளம்பினான். சொல்லத்தான் போனான். ஆனால் துரை அவனை வாசலிலேயே பிடித்து, கதிரை போட்டு உட்கார வைத்து, மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். காவல்காரனைக் கதிரையில் உட்கார வைக்கும் துரையிடம் எப்படிக் கெட்ட செய்தி சொல்வது?

7

தாளில் இருந்தது புதிய அடைப்பிடத்தின் வரைபடம். கம்பியே கிடையாது. முன்னால் ஆழமான அகழி, நடுவில் செயற்கைப் பாறை, பாறையிலிருந்து தண்ணீர். பார்க்கிறவருக்கும் மிருகத்துக்கும் இடையில் வெறும் காற்று. அந்தக் காலத்தில் மேல்நாடுகளில் இது புது மோகம். பங்குனியில் கரடி எழும்பும் நாளில், ஊர்ப் பெரியவர்களையும் துரைமார்களையும் அழைத்து, அதைப் புது இடத்தில் விடுவதாக ஏற்பாடு. ‘புது வீட்டின் காவலுக்கு நீதான்’ என்றார் துரை. தாளில் புது வீட்டுக்குப் பின்னால் வரைந்திருந்த காம்பராவில் ஜன்னல் வேறு இருந்தது.

அடைப்பிடத்தை அவசரமாகக் கட்டி முடித்தார்கள். விழா நாள் பங்குனி இரண்டாம் சனிக்கிழமை. முந்தின நாளே கரடியைப் பெட்டியில் ஏற்றி வைக்கச் சொல்லி உத்தரவு. கறுப்பையா வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மர்சூக் வண்டியோடு வந்தார்.

“வெறும் பெட்டியத் தூக்கினா தெரிஞ்சிரும். பாரம் வேணும்.” வண்டியிலிருந்து பலாக்காய்களை ஒவ்வொன்றாக இறக்கினார். “காயாப் பாத்துத்தான் கொண்டாந்தன். பழுத்தத வெச்சா மணம் காட்டிக் குடுத்திரும்.”

“நானா, நீங்க பொய் சொல்றதில்லன்னு சொன்னீங்களே.”

“பெட்டிக்குள்ள என்ன ஈக்கிண்டு எனக்கிட்ட ஆராச்சும் கேட்டா, பலாக்காய்ண்டுதான் சொல்லுவன். கேட்டாத்தானே.”

யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார்கள். உள்ளே ஏதோ உருண்டது. கூட்டம் ‘ஆ’ என்று பின்வாங்கியது. பெட்டியை அகழியின் உட்கரையில், பாறையின் பக்கம் வைத்தார்கள். கதவை மேலே இழுக்கும் கயிற்றை துரை கறுப்பையாவின் கையில் கொடுத்தார். கூட்டத்தின் முன்வரிசையில் பாலாம்பிகை நின்றாள். பழைய காம்பராவின் பூட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்திருந்தாள்.

8

இப்போது முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றும் நன்றாக இல்லை.

கயிற்றை இழுக்கிறான். பலாக்காய்கள் உருண்டு அகழிக்குள் விழுகின்றன. ஊர் சிரிக்கிறது. அன்று மாலை கறுப்பையாவும் ஏழு மாதம் கடந்த பாலாம்பிகையும் தகரப் பெட்டியோடு இறங்குகிறார்கள். இது நடக்கக்கூடியது. எழுத மனம் வரவில்லை.

அல்லது, கயிற்றை இழுக்குமுன் துரை அவன் காதருகே குனிந்து, ‘எனக்கு எப்போதோ தெரியும்’ என்கிறார். துரையை நல்லவராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் தெரிந்துகொண்டே நான்கு மாதம் நுனிக்காலில் நடந்த மனிதரை என்னால் நம்ப முடியவில்லை.

அல்லது கறுப்பையா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கூட்டத்தின் முன்னால், “தொரை, கரடி” என்று தொடங்கி

இல்லை. இது பாலாம்பிகைக்குப் பிடித்த முடிவு. அதனால்தான் பாதியில் நிறுத்தினேன். சொன்ன பிறகு அவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

9

ஒரு விஷயத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். இந்தக் கதையில் எங்கும் நான் கரடியைக் காட்டவில்லை. அதன் நிறத்தைச் சொல்லவில்லை. உயரமா குட்டையா என்று சொல்லவில்லை. நகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உயிரோடு ஒரு வரியில்கூட அது நடமாடவில்லை. இரண்டாம் பகுதியில் செத்துக் கிடந்தது என்றேன், மூன்றாம் பகுதியில் அசையவில்லை என்றேன், நான்காம் பகுதியில் புதைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் பார்த்தீர்கள். கறுத்துச் சடைத்த முடியும், நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறையும் உங்களுக்குத் தெரிந்தன. இருட்டறையில் அது புரண்டு படுத்தபோது சகீனாவோடு நீங்களும் நின்றீர்கள். அந்தக் கரடி என்னுடையது அல்ல. நான் வெறும் கூட்டையும் பலகையையும் வைத்தேன்.

ஆகவே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் மர்சூக்கைப் போல நானும் பலாக்காய் என்றுதான் சொல்லுவேன். கரடி வேண்டுமென்றால் உங்களிடம் ஒன்று இருக்கிறது, அதை உள்ளே விடலாம். உண்மை வேண்டுமென்றால் கறுப்பையாவின் பாதி வாக்கியம் எட்டாம் பகுதியில் அப்படியே கிடக்கிறது, எடுத்து முடிக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அன்று மாலை அவர்கள் படுக்க ஓரிடம் வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கறுப்பையா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறான். கயிற்றை உங்களிடம் நீட்டுகிறான். பாலாம்பிகை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.