மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே

அருள்நாயகி ஐந்தாம் மாடியில் லிஃப்டுக்குள் ஏறியபோது மணி நாலேகால். கையில், கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்து வாங்கவேண்டிய பதிவுத் துண்டு. அரை மணி நேரத்துக்கு முன் கணவன் கிளெமென்ற் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான்.

"செக்பொயின்றிலை மறிச்சு ஸ்ரேசனுக்குக் கொண்டு வந்திட்டாங்கள். பதிவுத் துண்டை அஞ்சு மணிக்குள்ள கொண்டு வாரும். பிந்தினால் வேற இடத்துக்கு ஏத்திப்போடுவாங்களாம்."

அதைத் தேடி எடுக்கவே இவ்வளவு நேரம் போய்விட்டது. இரண்டாயிரத்து எட்டில் வெள்ளவத்தைத் தமிழருக்கு 'வேற இடம்' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அப்படிக் கொண்டுபோன சிலரை வீட்டார் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்டுக்குள் ஆறாம் மாடிப் பத்மாவதி நின்றாள். தனியாக இருப்பவள்; கண்டால் சிரிக்குமளவு பழக்கம். மத்தியானம் தொடங்கிய புயல் வெளியே இரைந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் குலுங்கி நின்றது. விளக்கு அணைந்தது.

"ஐயோ, பிளேன் வந்திட்டுதோ?" என்று பத்மாவதி அலறினாள். புலிகளின் விமானம் வந்தால், குண்டுக்குப் பயந்து அரசு மின்சாரத்தை நிறுத்தி நகரத்தையே இருட்டாக்கிவிடும்.

"இல்லையக்கா, காத்துக்குத்தான் கரண்ட் போட்டுது."

சொன்னவளுக்கே நிச்சயமில்லை. இடி விழ, இரும்புச் சுவர் அதிர்ந்தது. கதவைத் தட்டினாள். அவசர மணி வேலை செய்யவில்லை. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. மணி மட்டும் தெரிந்தது. நாலரை.

பத்மாவதி சரிந்து தரையில் இருந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. இருட்டில் துழாவி அருள்நாயகியின் கையைப் பிடித்தாள்.

"நீர் வேதக்காரப் பிள்ளையெல்லோ. உங்கடை ஜெபம் ஒண்டைச் சொல்லும். எனக்கு ஒரு தேவாரமும் வாயிலை வருகுதில்லை."

அருள்நாயகி ஜெபித்துப் பதின்மூன்று வருடம். தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடம்பெயர்வில், ஷெல் பட்ட தம்பியின் தலையை மடியில் வைத்து வழிநீள ஜெபித்தவள். ஆஸ்பத்திரி வருமுன்பே அவன் போய்விட்டான். அதன்பிறகு வேதக் கோயிலுக்குப் போனாலும் வாய் திறப்பதில்லை.

"எனக்கும் வராதக்கா" என்றாள். ஆனால் பத்மாவதி பிடித்த கையை விடவில்லை. அதற்காகவாவது எதையாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. "யேசுவும் சீடரும் படகிலை போகேக்கை புயல் அடிச்சுது. அவர் நித்திரை. நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையோ எண்டு கத்தி எழுப்பினவை."

"கோவிச்சவரோ?"

"எழும்பிப் புயலை அடக்கினவர். அந்தப் படகிலைதானே அவரும் இருந்தவர்."

சொன்னபிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. படகைவிட்டு அவர் போகவில்லை. இத்தனை வருடமாக அவருடன் கோபித்துக்கொண்டிருந்தாளே, இல்லாத ஒருவருடனா கோபித்தாள்?

"ஆண்டவரே, எனக்கு இன்னும் உம்மிலை கோவம்தான்" என்றாள் உரக்க. "ஆனால் நான் வேற ஆரிட்டைப் போக? கிளெமென்ரைக் கைவிடாதையும். இந்த அக்காவுக்கு மூச்சைக் குடும்."

இருட்டு அப்படியேதான் இருந்தது. பயமும் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் அவள் தனியாக இல்லை. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பத்மாவதியின் மூச்சும் மெல்ல ஆறியது.

மேலே கதவு தட்டுப்பட்டது. "உள்ளுக்கு யாரு? பயப்பட வாணாம், இப்ப தொறக்கிறோம்!" கட்டிடத்தின் கீழே கடை வைத்திருந்த இஸ்ஸதீன். அவரும் காவல்கார வோச்சரும் இரும்பு அலவாங்கு போட்டு நெம்பிக் கதவைத் திறந்தார்கள். "முதல் நீர் போம்" என்று பத்மாவதி அவளைத் தள்ளிவிட்டாள்.

காலி வீதியென்ற பெருந்தெருவில் முழங்காலளவு தண்ணீர். பொலிஸ் நிலையம் போய்ச் சேர ஐந்தே கால். மெழுகுதிரி வெளிச்சத்தில் கிளெமென்ற் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தான், இன்னும் இரண்டு பேருடன். மரம் விழுந்து பாதை அடைபட்டதில் ஏற்ற வேண்டிய வாகனம் வரவில்லை.

அதிகாரி டோர்ச் அடித்துத் துண்டை இரண்டுதரம் பார்த்தார். சிங்களத்தில் ஏதேதோ கேட்டார். கடைசியில் "ஹரி, யன்ன" என்று, சரி போங்கள் என்பதாகக் கையை வீசினார்.

மற்ற இருவரிடமும் துண்டு இல்லை. அருள்நாயகி அவர்களருகே குனிந்து பெயர் கேட்டாள். சிவபாதசுந்தரம், ரஜீவன். கிளெமென்ற் அவளது கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

மழைக்குள் நடக்கும்போது அவள் வாய் முணுமுணுத்தபடி இருந்தது.

"என்ன, ஜெபிக்கிறீரோ?" என்றான் அவன் நம்பமுடியாமல்.

"ஓம்" என்றாள். "அந்த ரெண்டு பேருக்கும்."