புளிக்காரர் கையில் ஓடிபி

மணி நாலே முக்கால். ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும். அத்தோடு பூஜாவின் கல்லூரி உதவித்தொகையும் போய்விடும்.

ஜமுனாமரத்தூர் கம்ப்யூட்டர் கடையில் கோகுல்ராஜ் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். "ஓடிபி போயிருக்குது. சொல்லும்மா."

பூஜாவின் போன் சும்மா கிடந்தது.

"ஆதார்ல யார் நம்பர்டி?" என்றேன்.

"புளிக்காரரு நம்பர்க்கா. அப்ப எங்க வூட்ல போன் இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு இதே கதைதான். புளி வாங்க வரும் சந்தவாசல் அருள்மணியின் நம்பரையே ஆதாருக்கும் கொடுத்துவைத்திருக்கிறோம். நான் படித்தபோது அப்பா, "அந்தாளுகிட்ட போய் நிக்கணும், வேணாம் வுடு" என்று விண்ணப்பிக்கவே விடவில்லை. இரண்டு மாட்டை விற்றார். மூன்று வருடம் மதியச் சாப்பாடு இல்லாமல் பட்டம் வாங்கினேன். எனக்கு வரவேண்டிய பணம் அது. யாரும் போடும் பிச்சை இல்லை.

பூஜா அருள்மணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நம்பரு வந்துக்குதும்மா. உங்கப்பன் தசரதன் இந்த வருசம் புளிய வேற ஆளுக்குப் போடப் போறானாமே? அவன பேசச் சொல்லு, அப்புறம் சொல்றேன்."

"அப்பா மரத்து மேல இருக்காருங்க. அங்க டவர் இல்ல."

"எறங்கட்டும். எனக்கு இன்னா அவசரம்?"

"பத்து நிமிசந்தான் அந்த ஓடிபி" என்று முணுமுணுத்தான் கோகுல்ராஜ். பூஜா அழ ஆரம்பித்தாள். போனைப் பிடுங்கினேன்.

"நான் கலைவாணி. உங்க நம்பர்ல எத்தினி வூட்டு ஆதாரு இருக்குது தெரியுமா?"

"எனக்கெப்டிம்மா தெரியும்?"

"பதினாலு. பதினாலு வூட்டாளுங்களையும் கூட்டிக்கினு தாலுகா ஆபீஸ் போவேன். படிக்கிற பொண்ணுகிட்ட ஓடிபிக்குப் புளி கேக்கிறீங்கன்னு எழுதிக் குடுப்பேன். போன் ஸ்பீக்கர்ல இருக்குது. கடைல பத்து பேரு கேட்டுக்கினு இருக்காங்க."

கடையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"படிச்சா இப்டித்தான் பேசுவீங்களா?"

"ஆமாங்க. நம்பரச் சொல்லுங்க."

ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் துப்பினார். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்ப எண் வந்தது.

பூஜா கண்ணைத் துடைத்தாள். "அடுத்த வருசமும் அவரத்தான் கேக்கணுமாக்கா?"

அன்று ராத்திரியே பதினாலு வீட்டிலும் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை, நம்பரை மாற்ற, ஆதார் மையம் திறக்கும் முன்பே பன்னிரண்டு வீட்டார் வந்து நின்றார்கள். வராத இரண்டு வீட்டில் ஒன்று என்னுடையது.

அப்பாவை இழுத்துவர ஊருக்கு பஸ் ஏறினேன்.